புல்லுக்கும் உண்டு முகூர்த்தம்

கல்யாணம், கிரகப்பிரவேசம், கிரிக்கெட் அட்டவணை என்று மனிதர்கள் தேதி குறிக்கிறார்கள். புல்லின் வேர் பார்ப்பதோ மண்ணின் சூட்டையும் மழையையும்தான்.

2023, பிப்ரவரி 13. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதும் மூன்றாவது டெஸ்ட் தொடங்க இன்னும் 16 நாள்தான் பாக்கி. தவுலதார் பனிமலைகளைப் பின்னணியாகக் கொண்ட தர்மசாலா மைதானத்தில் அந்த ஆட்டம் நடக்காது, இந்தூருக்கு மாற்றப்படுகிறது என்று கிரிக்கெட் வாரியம் திடீரென்று அறிவித்தது. பாதுகாப்புப் பிரச்னையா? இல்லை. பிட்ச் சரியில்லையா? அதுவும் இல்லை. காரணம், புல். கடுங்குளிரால் அவுட்ஃபீல்டில் புல் போதிய அடர்த்தியோடு வளரவில்லை, முழுதாக வளர இன்னும் நாள் பிடிக்கும் என்றது அறிவிப்பு.

முந்தைய ஆண்டு பிப்ரவரியில் இலங்கையுடன் இரண்டு டி-20 ஆட்டங்கள் நடந்த பிறகு அந்த மைதானத்தில் புதிய வடிகால் வசதி செய்து, அவுட்ஃபீல்டைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். கடல் மட்டத்துக்கு 1,457 மீட்டர் உயரத்தில் இருக்கும் மைதானம் அது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே மண் குளிர்ந்து கிடக்கும். குளிர்ந்த மண்ணில் புல் தூங்கும். உலகின் பணக்கார கிரிக்கெட் வாரியத்தாலும் அதைத் தட்டி எழுப்ப முடியவில்லை.

விவகாரம் அதோடு முடியவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று அங்கே உலகக் கோப்பை ஆட்டம். வங்கதேசத்துக்கு எதிராக ஆடிய ஆப்கானிஸ்தானின் முஜீப் உர் ரஹ்மான் பவுண்டரி அருகே பந்தைத் தடுக்கப் பாய்ந்தார். புல்லும் மண்ணும் பெயர்ந்து வந்தன. முழங்காலுக்குப் பெரிய சேதம் இல்லாமல் தப்பியது அவர் அதிர்ஷ்டம் என்றார் அணியின் பயிற்சியாளர் ஜோனதன் டிராட். அடுத்து அங்கே ஆட வந்த இங்கிலாந்து கேப்டன் ஜோஸ் பட்லரும் அவுட்ஃபீல்டைக் குறை சொன்னார். உலகக் கோப்பை நடக்கும் மைதானத்துக்கு சர்வதேச கவுன்சில் தந்த மதிப்பெண் 'சுமார்'.

தர்மசாலாவின் சங்கடத்தை உலகமே டிவியில் பார்த்தது. அதே சங்கடம் சின்ன அளவில் ஒவ்வோர் ஆண்டும் தில்லியின் பண்ணை வீடுகளிலும், பெங்களூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும், சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை பங்களாக்களிலும் அரங்கேறுகிறது. பல ஆயிரம் ரூபாய்க்குப் புல் வந்து இறங்குகிறது. ஒரே நாளில் விரிக்கப்படுகிறது. மூன்றாம் வாரம் வைக்கோலாகிவிடுகிறது. நர்சரிக்காரர் தோட்டக்காரரைக் குறை சொல்கிறார், தோட்டக்காரர் தண்ணீரைக் குறை சொல்கிறார். புல் போட்ட மாதத்தை யாரும் குறை சொல்வதில்லை.

ஏமாற்றும் பச்சை

புல்பத்தை என்பது மண்ணோடு பெயர்த்தெடுத்த புல். பண்ணையில் வளர்ந்த புல்தரையைச் சதுரமாகவோ பாய் போலவோ சீவி, லாரியில் ஏற்றி, வேண்டிய இடத்தில் விரித்துவிடுவார்கள். 'ஸ்லாப்' என்றும் 'கார்பெட்' என்றும் சொல்வார்கள். விதைத்தாலோ கிள்ளி நட்டாலோ தரை மூட மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதில் காலையில் கட்டாந்தரை, மாலையில் பச்சைக் கம்பளம்.

ஏமாற்றுவதும் இந்தப் பச்சைதான். சீவும்போது புல் தன் வேரில் பெரும்பகுதியைப் பண்ணையிலேயே விட்டுவிட்டு வருகிறது. ஜாடியில் வைத்த பூங்கொத்து சில நாள் வாடாமல் இருப்பதுபோல, தண்டில் சேர்த்து வைத்த சத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும் மண்ணின் ஈரத்திலும் அது ஒரு வாரம் பச்சையாகக் காட்சி தரும். வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி. ஒப்பந்தக்காரர் பில்லைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்தச் சில நாளில் புது வேர் கிளம்பிக் கீழே உள்ள மண்ணுக்குள் இறங்கத் தொடங்கினால்தான் புல் பிழைக்கும்.

வேர் இறங்குமா என்பதை முதலில் தீர்மானிப்பது மண்ணின் சூடு. நம் நாட்டுச் சமவெளிகளில் புல்தரைக்குப் பயன்படும் புல் எல்லாமே வெப்பப் புல் வகை. பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான் அவற்றில் தலைமையானது. வடக்கே அதன் பெயர் 'தூப்', ஆங்கிலத்தில் பெர்முடா. மெத்தைபோல் அடர்ந்து வளரும் கொரியன் புல்லும், ஓரளவு நிழல் தாங்கும் அகல இலை பஃபலோ புல்லும் இதே ஜாதி. இவற்றின் வேர் மிக வேகமாக வளர்வது மண்ணின் சூடு 24 முதல் 29 டிகிரி வரை இருக்கும்போது. மண் 13 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி அநேகமாக நின்றுவிடும், புல் பழுத்து உறக்கத்துக்குப் போய்விடும். ஏற்ற பருவத்தில் போட்ட பத்தை இரண்டே வாரத்தில் வேர்பிடித்து, ஆறு வாரத்துக்குள் காலூன்றி நின்றுவிடும். குளிரில் போட்டதோ எத்தனை வாரம் ஆனாலும் விரித்த பாயாகவே கிடக்கும்.

ஐரோப்பிய, அமெரிக்கத் தோட்டப் புத்தகங்களைப் படித்துவிட்டு வேலையில் இறங்குகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். அந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் ரை, ஃபெஸ்க்யூ, ப்ளூகிராஸ் போன்ற குளிர்ப் புற்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றின் வேருக்கு 10 முதல் 18 டிகிரி வரை போதும். ஆகவே இலையுதிர் காலத்தில் புல் போடு என்பது அங்கே அருமையான யோசனை. அதையே அருகம்புல்லுக்குப் பொருத்தி அக்டோபர் கடைசியில் தில்லியில் பத்தை விரித்தால், வேர் எட்டிப் பார்க்கும் நேரத்தில் குளிர் வந்து கதவைச் சாத்திவிடும்.

இங்கே ஆண்ட வெள்ளைக்காரர்களே இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். 1920-களின் இறுதியில் தில்லியில் வைஸ்ராய் மாளிகையின் தோட்டம் உருவானபோது அதன் புல்வெளிக்கு இங்கிலாந்துப் புல் வரவில்லை. கல்கத்தாவின் பெல்வடேர் மாளிகைத் தோட்டத்திலிருந்து அருகம்புல்தான் வந்தது. முகலாயத் தோட்டம் என்று அழைக்கப்பட்டு, 2023-இல் அம்ருத் உத்யான் என்று பெயர் மாறிய அந்த இடத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை, பருவமழைக்கு முன்னால், புல்வெளி முழுவதையும் உரித்தெடுத்துவிட்டுப் புது மேல்மண் பரப்புகிறார்கள். சுமார் மூன்றே வாரத்தில் புல் திரும்ப முளைத்து மூடிவிடுகிறது. நாட்டின் முதல் தோட்டமே மழையை நம்பித்தான் தன் பச்சை உடையைக் கழற்றுகிறது!

கல்யாண சீசனும் தூங்கும் புல்லும்

தில்லியையும் அதைச் சுற்றிய சமவெளியையும் பொறுத்தவரை கணக்கு எளிது. ஜூன் கடைசி வாரத்தில் பருவமழை எட்டிப் பார்க்கும். அன்றிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உள்ள ஆறேழு வாரம்தான் தங்கமான காலம். மண் சூடாக இருக்கிறது, இரவும் வெதுவெதுப்பு, காற்றில் ஈரம் இருப்பதால் இலை உலர்வது குறைவு, வானமே பாதித் தண்ணீரை ஊற்றிவிடுகிறது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று நம்மூர் விவசாயி சொன்னது காவிரிக் கரைக்காக இருக்கலாம். யமுனைக் கரைப் புல்லுக்கும் அது அச்சாகப் பொருந்துகிறது. குளிர் தொடங்குவதற்குள் மூன்று மாதம் கிடைத்துவிடுவதால் வேர் ஆழமாகப் போய், குளிர்கால உறக்கத்துக்கு வேண்டிய சத்தைச் சேர்த்துக்கொள்ளும்.

இதை விட்டால் பிப்ரவரி கடைசியும் மார்ச் மாதமும். மண் சூடேறத் தொடங்கியிருக்கும், பழைய புல் துளிர்விடும் நேரம். ஆனால் இது பந்தயம். மே மாத வெயிலும் 'லூ' என்ற அனல் காற்றும் வருவதற்குள் வேர் ஆழமாக இறங்கியாக வேண்டும். கையில் தண்ணீர் உள்ளவர்கள் மட்டுமே ஓடக்கூடிய பந்தயம்.

நவம்பர் முதல் ஜனவரி வரை போடவே கூடாது. ஆனால் தில்லியில் கல்யாண சீசன் தொடங்குவதே நவம்பரில்தான்! மண்டபம் என்பது அங்கே பெரும்பாலும் திறந்தவெளிப் புல்தரை. ஷாமியானா, விளக்கு அலங்காரம், சாட் கடை, ஆயிரம் பேர் செருப்புக் கால். தேதி நெருங்கும்போதுதான் பலருக்குத் தரையின் நினைப்பே வருகிறது. அவசரமாக லாரி புல் வந்து இறங்குகிறது. மணமக்களை 'ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி' வாழச் சொல்லி வாழ்த்துவது நம் வழக்கம். வாழ்த்துகிறவர்களின் காலடியில் இருக்கும் அருகு ஓர் அங்குலம்கூட வேரோடியிருக்காது.

விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு காரியம் செய்கிறார்கள். பத்தையை ஜூலையிலேயே போட்டுவிடுகிறார்கள். அக்டோபரில், அருகு மஞ்சளிக்கும் முன், அதன் மேலேயே ரை புல் விதையைத் தூவுகிறார்கள். ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும் இந்த விருந்தாளி, குளிர்காலம் முழுக்கப் பச்சை காட்டிவிட்டு வெயில் ஏறியதும் விடைபெற்றுக்கொள்ளும். கீழே உறங்கிய அருகு அப்போது விழித்துக்கொள்ளும். வட இந்தியாவில் பல கோல்ஃப் மைதானங்கள் குளிரில் பளபளப்பதன் ரகசியம் இதுதான்.

மழையும் எதிரியாகும்

மழைக்காலமே நல்ல காலம் என்று மும்பையில் ஜூலையில் வேலையைத் தொடங்கினால் கதை வேறு. ஒரே நாளில் தில்லியின் ஒரு மாத மழை கொட்டக்கூடிய ஊர் அது. பரப்பிய செம்மண் கரைந்து சாக்கடைக்குப் போகும், பத்தைகள் நகரும், பள்ளத்தில் நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறும். வாரக்கணக்கில் சூரியனே தெரியாததால் புல்லுக்குச் சமையலும் நடக்காது, பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம். கொங்கணக் கரைக்கும் கேரளத்துக்கும் உகந்தது பெருமழை தணிந்து, மண்ணில் ஈரமும் வானில் வெயிலும் சேர்ந்து கிடைக்கும் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும். கல்கத்தாவிலும் வண்டல் மண்ணில் நீர் தேங்கும் தொல்லை உண்டு. அங்கே மேடு பார்த்து, வடிகால் வெட்டிவிட்டுப் போட வேண்டும்.

சென்னையில் குளிர் ஒரு பொருட்டே அல்ல. மார்கழியிலும் இரவு வெப்பம் 20 டிகிரியைத் தொட்டு நிற்கும் ஊரில் எந்த மாதத்திலும் வேர் வளரும். அங்கே கேள்வியெல்லாம் தண்ணீர்தான். நகரின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வந்துவிடுகிறது. வருவதும் தவணை முறையில் அல்ல, மொத்தமாக. நவம்பரில் விரித்த பத்தை ஒரு புயலில் மிதந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். ஆகவே ஆவணி, புரட்டாசி. மாலையில் இடி மழை பெய்யும், பகலில் வெயில் இருக்கும். அக்டோபர் நடுவில் பெருமழை வரும்போது வேர்பிடித்த புல் மண்ணை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். தை மாதத்தில் போடலாமே என்பார்கள். போடலாம். ஆனால் அதற்குப் பிறகு ஆறு மாதம் வானம் உதவாது.

மழையை நம்பாமல் குழாயை நம்பினால் என்ன ஆகும்? ஆயிரம் சதுர அடிப் புல்தரையில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்க வேண்டுமானால் அதற்கு 93 லிட்டர் தேவை. கோடையில் புதுப் பத்தைக்கு நாளுக்கு 8 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 744 லிட்டர். ஒரு மாதத்துக்கு 22,000 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் டேங்கர் லாரியாக எண்ணினால் ஏறக்குறைய இரண்டு லாரி. ஜோலார்பேட்டையிலிருந்து 2019 ஜூலையில் ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து தாகம் தீர்த்துக்கொண்ட ஊர் சென்னை. அங்கே மே மாதத்தில் பத்தை விரிப்பது பக்கத்து வீட்டாரின் கண்ணில் உறுத்தும் காரியம்.

பெங்களூரில் உறுத்தலோடு நிற்கவில்லை. 2024 மார்ச்சில் கடும் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, தோட்டத்துக்கும் கார் கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்று குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். பழைய புல்தரை வைத்திருந்தவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஆழ வேரோடிய அருகு தண்ணீர் இல்லாவிட்டால் பழுப்பேறிப் படுத்திருக்கும், முதல் மழையில் எழுந்துவிடும். அந்தப் பிப்ரவரியில் புதுப் பத்தை போட்டவருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வேரில்லாத புல்லுக்குப் படுத்தால் எழத் தெரியாது. மே மாதக் கோடை மழையில் மண் நனைந்த பிறகு, ஜூன் முதல் செப்டம்பர் வரை பெங்களூர் புல்லுக்கு நான்கு மாத முகூர்த்தம் இருக்கிறது. தாராளமான பருவம் இது. அதை விட்டுவிட்டுக் கோடையில் போடுவானேன்?

காரணம் தோட்டக்கலையில் இல்லை, கட்டட வேலையில் இருக்கிறது. வீடோ அலுவலகமோ கட்டும்போது கடைசியாக வருவது தோட்டம். சிமென்ட் மூட்டை காலியாகி, பெயின்ட் அடித்து முடிந்த பிறகு எந்த மாதம் வருகிறதோ அதுதான் புல்லுக்கு வாய்த்த மாதம். அரசு அலுவலகங்களில் இன்னொரு பருவமும் உண்டு: மார்ச் 31. செலவாகாத நிதி காலாவதியாகிவிடும் என்ற பயத்தில் நிதியாண்டின் கடைசி வாரங்களில் அவசர அவசரமாகச் செய்யப்படும் வேலைகளில் புல் போடுவதும் சேர்ந்துகொள்ளும்போது, அது கோடையின் வாசலில் கொண்டுபோய்ப் பிள்ளையை விட்ட மாதிரி ஆகிறது. கணக்குப் புத்தகம் திருப்தி அடைந்துவிடுகிறது. புல்லுக்கு நிதியாண்டு தெரியாது.

இரண்டு மாதம் முன்னதாக

நல்ல மாதத்தைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். அதற்கு இரண்டு மாதம் முன்னால் மண்ணில் கைவைத்திருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜூலையில் பத்தை போட வேண்டிய தில்லிக்காரர் ஏப்ரல், மே வெயிலிலேயே தரையை ஓர் அடி ஆழம் கொத்திப் புரட்டிப் போட வேண்டும். கல், செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி எல்லாம் அப்போது வெளியே வரும். கட்டடம் கட்டிய இடத்தில் மண்ணைவிட இவை அதிகம் இருந்தாலும் வியப்பில்லை. காயும் மண்ணில் பூச்சி முட்டையும் களைவேரும் வெந்து சாகும்.

கோரையை விரட்டுவதற்கும் இதுதான் சமயம். இந்தியப் புல்தரையின் பரம வைரி கோரைதான். மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு சிரிக்கும். ஒரு கிழங்கு பத்தாகும். கொத்திய மண்ணில் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு அதை முளைக்கவைத்து, கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். மறுபடி தண்ணீர், மறுபடி களை எடுப்பு. இரண்டு மூன்று சுற்று இப்படிப் போன பிறகே தரை புல்லுக்குத் தயார். அவசரக்காரர்கள் கோரை மேலேயே பத்தையை விரித்து மூடிவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் அது கம்பளத்தைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அப்போது புல்லைப் பெயர்க்காமல் கோரையைப் பெயர்க்க வழி கிடையாது.

எரு போடுவதிலும் பொறுமை வேண்டும். பச்சைச் சாணம் கூடாது. களை விதையும் வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவும் அதோடு இலவசமாக வரும். நன்கு மக்கிய தொழுவுரத்தைக் கலந்து, வீட்டிலிருந்து வெளிப்புறமாக லேசான சரிவு கொடுத்து, தண்ணீர் விட்டு அமரவைத்து, பள்ளம் விழுந்த இடத்தை நிரப்பி, ரோலர் ஓட்ட வேண்டும். புல் போட்ட பிறகு பள்ளத்தைச் சரி செய்வது சட்டை போட்ட பிறகு பனியன் மாற்றுவது மாதிரி.

வந்து இறங்கும் பத்தையையும் பார்த்து வாங்க வேண்டும். புணே அருகே உருளி காஞ்சன், ஆந்திராவில் ராஜமுந்திரி அருகே கடியம் போன்ற நர்சரி ஊர்களிலிருந்து சரக்கு இரவோடு இரவாக லாரியில் வெளியூர்களுக்குப் போகிறது. அடுக்கிய புல் சும்மா இருப்பதில்லை. அது மூச்சு விடுகிறது, அடுக்குக்குள் சூடு ஏறுகிறது. கோடையில் ஒரு நாளுக்கு மேல் அடுக்கிலேயே கிடந்தால் நடுவில் உள்ளவை வெந்து மஞ்சளாகிவிடும். நடுவிலிருந்து ஒன்றை உருவிக் கையை வைத்துப் பார்ப்பது நல்லது. அடிமண் களிமண்ணாக இருக்கிறதா என்பதும் முக்கியம். மணல் கலந்த தரைமேல் களிமண் பத்தையை வைத்தால் இரண்டுக்கும் ஒட்டாது. நீரும் வேரும் அந்த எல்லையிலேயே நின்றுவிடும்.

கையில் அவ்வளவு பணம் இல்லாதவர்களுக்கு மழைக்காலம் வேறு ஒரு வழியும் தருகிறது. நம் நாட்டுத் தோட்டக்காரர்கள் கையாண்டுவரும் 'பூச்சு' முறை அது. அருகம்புல்லைத் தண்டும் வேருமாகத் துண்டு துண்டாக நறுக்கி, சாணமும் தோட்ட மண்ணும் சேர்த்துத் தண்ணீர் விட்டுக் குழைத்து, சுவருக்குச் சாந்து பூசுவதுபோல ஈரத் தரையில் பூசிவிடுவார்கள். ஒவ்வொரு கணுவிலிருந்தும் புது வேர் கிளம்பும். காற்றில் ஈரம் இருக்கும் மாதங்களில் மட்டுமே இது பலிக்கும். வெயிலில் பூசினால் வறட்டிதான் மிஞ்சும். பத்தையின் செலவில் இது ஒரு சிறு பங்கு. தரை மூட மட்டும் கூடுதல் வாரங்கள் ஆகும்.

மலை ஊர்களில் எல்லாமே தலைகீழ். சிம்லாவிலும் தர்மசாலாவிலும் வசந்தம்தான் புல் போட ஏற்ற நேரம். மழையும் பனியும் வருவதற்குள் வேர் போய்விட வேண்டும். ஊட்டியில் கொடிபோல் ஓடிப் பரவும் கிக்குயு புல் ஓரளவு குளிர் தாங்கும். ஆனாலும் டிசம்பர், ஜனவரி உறைபனி அதன் இலையைக் கருக்கிவிடும். அங்கே ஏப்ரல், மே மாதக் கோடை மழையோடு தொடங்குவது உத்தமம்.

நாள் பார்க்கப் பஞ்சாங்கமோ கருவியோ கிடைக்காதவர்கள் தெருவோரத்தைப் பார்த்தால் போதும். நடைபாதை ஓரத்தில், மின்கம்பத்தடியில், யாரும் தண்ணீர் விடாத அருகு தானாகத் துளிர்த்து, புதுக் கொடி விட்டு, அந்தக் கொடி கணுவுக்குக் கணு தரையில் வேரூன்றுகிறதா? அந்த ஊரில் பத்தை போடலாம். அது காய்ந்து சுருண்டு கிடந்தால் லாரியை வரச் சொல்லக் கூடாது.

போட்ட பிறகு முதல் இரண்டு வாரம் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். பிறகு இடைவெளி விட்டு ஆழமாக. மூன்றாம் வாரம் ஒரு பத்தையின் மூலையைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்க்க வேண்டும். கையோடு வந்தால் குழந்தைகளும் விருந்தினரும் இன்னும் வெளியில்தான் நிற்க வேண்டும். மண்ணோடு இழுத்துப் பிடித்துக்கொண்டால் கத்தரிக்கலாம், நடக்கலாம், நாற்காலி போடலாம்.

தர்மசாலாவுக்கு டெஸ்ட் கிரிக்கெட் திரும்பி வந்தது 2024 மார்ச் 7 அன்று. குளிர்காலம் முடிந்த கையோடு வந்த மார்ச்தான் அதுவும். இங்கிலாந்துடன் ஐந்தாவது டெஸ்ட், அஸ்வினுக்கு அது 100-வது டெஸ்ட். இந்தியா மூன்றே நாளில் ஓர் இன்னிங்ஸ், 64 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. இம்முறை ஆட்டத்தை வேறு ஊருக்கு மாற்ற வேண்டியிருக்கவில்லை.